ஆண்டறிக்கை 2025: பிளாக் சப்பாத் வருஷம்

தலைவருக்கும் சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசாந்திர கூட்டம் எல்லாம் தடங்கல் இல்லாம நடந்துச்சு, வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு, நான் நேரா விஷயத்துக்கு வரேன்.

இந்த வருஷம் முழுக்க நமக்கு இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டான பிளாக் சப்பாத்தான். ஜூலை 5 அன்னிக்கு பர்மிங்ஹாம் வில்லா பார்க்ல பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி, பேஸ் கிட்டார் கீசர் பட்லர், டிரம்மர் பில் வார்டு நாலு பேரும் 2005க்கு அப்புறம் முதல் தடவையா ஒண்ணா மேடை ஏறுனாங்க. ஆஸி வளந்த ஆஸ்டன் ஏரியா அது. பார்க்கின்சன்ஸ் நோயால நிக்க முடியாம சிம்மாசனத்துல உக்காந்தபடியே பாடுனாரு, ஆனா கைய தட்டி கூட்டத்த ஆட வச்சது அதே பழைய ஆஸிதான். ஜூலை 22 ஆளு போய்ட்டாரு, 76 வயசு. அன்னிக்கு நம்ம வாட்ஸப் குரூப்ல வந்த மெசேஜ எல்லாம் இப்ப படிச்சாலும் தொண்டைய அடைக்குது.

அதுக்கப்புறம் நடந்த கூட்டத்துல பெரும்பாலும் ஐயோமியோட விரலப் பத்திதான் பேச்சு. 17 வயசுல தகரப் பட்டறைல வேலைய விட்டுட்டு போற கடைசி நாள், வராத ஆளுக்கு பதிலா மெஷின்ல நின்னப்ப வலது கை நடுவிரல், மோதிரவிரல் ரெண்டோட நுனியும் போச்சு. இடது கை பழக்கக்காரர்ங்கறதால கம்பி அமுக்கற கையே அதுதான். மனசொடிஞ்சு கெடந்தவருக்கு பட்டறை மேனேஜர் ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்ட போட்டுக் காட்டிருக்காரு, தீக்காயத்துல ரெண்டு விரல் செயலிழந்தும் வாசிச்ச மனுஷன் அவரு. உடனே ஐயோமி பாத்திரம் கழுவற லிக்விட் பாட்டில உருக்கி, உருட்டி, விரலுக்கு தொப்பி மாதிரி செஞ்சு, தேச்சு தேச்சு சரியாக்கி, வழுக்காம இருக்க மேல தோல ஒட்டிக்கிட்டாரு. மெல்லிசு கம்பி கடைல கிடைக்காத காலம், பாஞ்சோ கம்பிய மாட்டுனாரு. 1971ல வந்த மூணாவது ஆல்பத்துல நெறைய பாட்டுக்கு ட்யூனிங்க ஒண்ணரை டோன் எறக்கிட்டாரு, கம்பி தளர்ந்து விரலுக்கும் நோவு கொறஞ்சுது, கிட்டாரும் அடிவயித்துலேந்து உறும ஆரம்பிச்சுது. டூம், ஸ்லட்ஜ்னு நாம கேக்கற கனமான மெட்டல் வகைங்க பாதி அங்கேந்து வந்ததுதான், இத என்னோட கருத்தாவே பதிவு பண்றேன்.

வர்ற வருஷத்துக்கு 1971 டிசம்பர் 4 சுவிட்சர்லாந்து மோன்ட்ரூ கேசினோ தீவிபத்தையும், அத வச்சு 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டு போட்ட டீப் பர்ப்பிள் பேண்டையும் எடுத்துக்கலாம்னு செயற்குழு முடிவு பண்ணிருக்கு. சந்தா பாக்கி உள்ளவங்க சீக்கிரம் கட்டிடுங்க. அறிக்கைய ஏத்துக்கும்படி சபைய கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
செயலாளர்