தொழில்: இல்லத்தரசி

அன்புள்ள சித்திக்கு,

போன வாரம் வங்கியில் படிவம் நிரப்பும்போது, 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதச் சொன்னீர்கள். நானும் யோசிக்காமல் எழுதிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

சித்தப்பா திருப்பூருக்குப் போய் 11 வருடம் ஆகிறது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைப்பது, நடவுக்கு ஆள் சேர்ப்பது, களை பறிப்பது, கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ராத்திரி காவல் கிடப்பது எல்லாம் நீங்கள். நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டாவில் இருப்பது அவர் பெயர். அதனால் நெல் பணம் அவர் கணக்குக்குப் போகிறது. விவசாயிகளுக்கு மத்திய அரசு பி.எம். கிசான் திட்டத்தில் தரும் வருடம் 6,000 ரூபாயும் அப்படியே. பயிர்க்கடன் கேட்டுப் போனால், "அவரை வரச் சொல்லுங்கம்மா." சித்தப்பா நல்லவர்தான், கேட்டால் அனுப்பிவிடுவார். ஆனால் உங்கள் நெல்லுக்கு நீங்கள் ஏன் கேட்க வேண்டும்?

பிறந்த வீட்டுப் பூர்வீக நிலத்தில் உங்களுக்கும் பங்கு இருந்தது. மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுச் சட்டம், அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்ட உங்களைச் சேர்க்கவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் சேர்த்தது. நான்கே வருடத்தில் அம்மாவும் நீங்களும் உங்கள் பங்கு வேண்டாமென்று மாமாக்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள். ஆளுக்கொரு பட்டுப்புடவை வந்தது. "கையெழுத்துப் போடலேன்னா பொறந்த வீட்டு வாசல் அடைச்சிரும்" என்றாள் அம்மா. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாமாக்களுக்கு அந்தப் பயம் வரவே இல்லையே!

சரி, போனது போகட்டும். சித்தப்பா தீபாவளிக்கு வரும்போது, நீங்கள் பயிர் வைக்கும் அந்த ஒன்றரை ஏக்கரில் பாதியையாவது உங்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட், அதாவது தானமாக, எழுதச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் குறைவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. எழுதியதோடு விடாமல் பட்டாவையும் மாற்ற வேண்டும்.

"ஊர் என்ன சொல்லும்" என்பீர்கள். நம் கீழத்தஞ்சையில் இது புதிதல்ல, சித்தி. காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தன் கணவரோடு 1981இல் 'லாஃப்டி' என்ற உழுபவர் நில உரிமை அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பெயரில்தான் பதிய வைத்தார். அதற்காக அந்த வீட்டு ஆண்கள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

நீங்களே பேசத் தயங்கினால் நான் பேசுகிறேன். என்னைத் திட்டினால் திட்டட்டும்.

அப்புறம், அந்த வங்கிப் படிவத்தைப் பற்றி விசாரித்தேன். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தால் போதுமாம். செவ்வாய்க்கிழமை வருகிறேன். நாற்றுப் பறிப்பு இருந்தால் சொல்லுங்கள், புதன்கிழமை போகலாம்.

உங்கள் அக்கா மகள்