மலையடிவாரத்துல காடு வாங்கப் போற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அமிர்தி பக்கம் நிலம் வாங்கி காடா விடலாம்னு பேசிட்டிருக்கிற காட்பாடி, சத்துவாச்சாரி நண்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம வேலூரை கிண்டல் பண்றவங்க தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலைன்னு ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்கல்ல, அதுல ஜலகண்டேஸ்வரர் மட்டும் 1981-ல கோட்டைக்குள்ள திரும்பி வந்துட்டாரு, மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு, அதனால நீங்க மலையைப் பத்தி யோசிக்கறதே எனக்கு பெரிய சந்தோஷம். ஆனா உங்க பிளானைப் பார்த்தா ஜேசிபி, குழி, கன்னு, சொட்டுநீர், ஆர்ச் வச்ச கேட்டுனு போகுது. எனக்கு அங்கதான் இடிக்குது.

வெறும் புதரு சார், ரெண்டு நாள்ல க்ளீன் பண்ணிடலாம்னு புரோக்கர் சொன்ன சரிவுல போய் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. ஆடு கடிச்சு கடிச்சு முழங்கால் உயரத்துலயே நிக்கற உசிலமரம், மேல சின்ன துளிரு, கீழ அடிக்கட்டை நல்ல மொத்தமா இருக்கும், கத்தியும் ஆடும் படாம கொஞ்ச வருஷம் விட்டா அதுவா ஏறிடும். காரைமுள்ளு நடுவுல சந்தனக் கன்னு நிக்கும், யாரும் நட்டதில்ல, பழத்தைத் தின்ன குருவி போட்ட எச்சத்துல வந்தது, சந்தனம் பக்கத்து செடியோட வேர்ல உறிஞ்சித்தான் வளரும், அப்ப புதரை வழிச்சா சந்தனமும் சேர்ந்து போச்சு. வெளிநாட்டுல இருந்து வந்து பரவற வேலிக்காத்தானும் உன்னிச்செடியும் இருந்தா அதை மட்டும் ஆள் விட்டு கையால எடுங்க. மிச்சத்தைத் தொடவேணாம். வெப்பாலையைப் புடுங்கிட்டு தேக்கு வைக்கறதுக்குப் பேரு தோப்பு, அதுக்கு இவ்ளோ பேச்சு எதுக்கு?

குடகுல அனில் மல்ஹோத்ராவும் பமீலாவும் 1991-ல 55 ஏக்கர்ல ஆரம்பிச்சு 300 ஏக்கர் அளவுக்கு வாங்கி காடா விட்டதை உதாரணம் சொல்றீங்க, நல்ல உதாரணம்தான், ஆனா அங்க கொட்டற மழை வேற. நமக்கு திருவண்ணாமலையைப் பாருங்க. மொட்டையா கிடந்த அண்ணாமலையில கன்னு நட்டது பாதி வேலைதான், மீதி பாதி வருஷா வருஷம் தீத்தடுப்புக் கோடு வெட்டறதும் புகை தெரிஞ்சா மேல ஓடறதும். நம்ம பக்கம் மாசி பங்குனியில மஞ்சம்புல்லு காஞ்சு கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். அதனால கேட்டுக்கு ஒதுக்கின காசை நிலம் இருக்கிற ஊர்க்காரங்க ரெண்டு பேருக்கு வருஷம் முழுக்க சம்பளமா போடுங்க. சுத்தி கம்பிவேலி போட்டு ஆட்டுக்காரங்களை ஒரேடியா விரட்டினா அப்புறம் தீயணைக்க யார் வருவாங்க, எந்தப் பக்கம் எந்த மாசம் மேய்க்கலாம்னு முதல்லயே உக்காந்து பேசிடுங்க.

நிலம் விஷயத்துல உஷாரா இருங்க. விலை ரொம்ப கம்மியா இருந்தாலே அது தலித் மக்களுக்கு அரசு கொடுத்த பஞ்சமி நிலமா (டிசி நிலம்னும் சொல்வாங்க), மலைவாழ் மக்களுக்கு கண்டிஷனோட கொடுத்த ஒப்படையான்னு பாக்கணும், அந்த மாதிரி நிலத்தை எந்த நல்ல காரியத்துக்கும் வாங்கக்கூடாது, அவங்ககிட்ட இருந்து பிடுங்கி காடு வளர்க்க நாம யாரு? உச்சவரம்பு சட்டத்துல அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்தான் (நிலத்தோட தரத்தை வச்சு கணக்கு பண்ற ஏக்கர்), டிரஸ்ட் பேர்ல எழுதறதா இருந்தா வக்கீலை வச்சு எழுதுங்க.

வாங்கினப்புறம்தான் என்னோட பெரிய பயமே. உங்க பசங்க நாளைக்கு பிளாட் போட்டா என்ன பண்ணுவீங்க? வனவிலங்கு சட்டத்துல 2002 திருத்தத்துல 36சி-னு ஒரு பிரிவு வந்துது, தனியாரே முன்வந்து கொடுத்தா அந்த பட்டா நிலத்தை அரசு சமுதாயக் காப்பகமா அறிவிக்கலாம், நிலம் உங்க பேர்லயே இருக்கும், ஆனா அதுக்கப்புறம் காப்பகத்தோட மேலாண்மைக் கமிட்டி தீர்மானமும் அரசு சம்மதமும் இல்லாம நிலத்தோட பயன்பாட்டை மாத்த முடியாது. உங்க கூட்டத்துல இதைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. ரிசர்வ் காட்டை ஒட்டின சர்வே நம்பரா தேடுங்க, தனியா நடுவுல கிடக்கற பத்து ஏக்கரை விட காட்டை ஒட்டின மூணு ஏக்கர் மேல்.

அ-பதிவேடு (கிராம நிலக் கணக்கு), முப்பது வருஷ வில்லங்கம், எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவு வரைபடம்), இது மூணும் கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஜேசிபிக்காரர்கிட்ட தேதி சொல்லியிருந்தா இன்னைக்கே போன் பண்ணி கேன்சல் பண்ணிடுங்க.