படத்தில் டக்கையும் விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் முதல் பக்கத்தில் ஒரு பெட்டகக் (கன்டெய்னர்) கப்பலின் படம் பெரிதாக வந்திருந்தது. கீழே, "கம்பீரமாகத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்" என்று ஒரு வரி. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வலது ஓரத்தைப் பாருங்கள்: ஒரு கறுப்புப் புகைபோக்கி, பாதி டயர், அங்கிருந்து கப்பலின் முன்முனையான அணியம் வரை விறைத்து நிற்கும் ஒரு வடம், அதோடு படத்தை வெட்டிவிட்டீர்கள். வெட்டுப்பட்டது டக், இழுவைக் கப்பல். அந்தப் பெட்டகக் கப்பல் நுழையவில்லை ஐயா, நுழைக்கப்பட்டது. வேலை செய்தவரை ஓரத்தில் கத்தரித்துவிட்டு, இழுபட்டு வந்தவருக்குக் கம்பீரம் என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்கள்.

பெரிய கப்பல் வேகத்தைக் குறைத்ததும் சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்காது. சுக்கானைத் தாண்டித் தண்ணீர் வேகமாக ஓடினால்தான் அது திருப்பும். துறைமுகத்துக்குள் வேகம் எடுக்கவும் முடியாது, அடுக்கடுக்காக நிற்கும் பெட்டகங்கள் மேல் காற்று வேறு மோதித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தேவைப்பட்டால் பக்கவாட்டில் இன்னொன்று என்று டக்குகள் வந்து பிடித்துக்கொள்ளும். இது படம் எடுத்தவருக்குத் தெரியாமல் இருக்காது. பக்கம் அமைத்தவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது, சரி.

நான் பழைய டக்குகளைப் படம் எடுப்பவன், தொழிலாக அல்ல, பைத்தியமாக. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உல்லாசப் படகில் எதையும் அழகுக்காகச் சேர்க்கலாம். டக்கில் எதற்குமே காரணம் இருக்கும், காரணம் தெரிந்துவிட்டால் படம் எடுக்கும் விதமே மாறிவிடும். பழைய டக்கில் வடம் மாட்டும் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பின் கோடியில் இருக்காது, ஏறக்குறைய நடுவில், புகைபோக்கிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். பின்முனையான அமரத்திலேயே கட்டினால், வடம் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு டக்கைத் திரும்பவே விடாது. வடம் இடமும் வலமும் தடையில்லாமல் ஆட வேண்டும் என்பதற்காகத்தான் பின்தளம் முழுக்க வெட்டவெளி, அதன் குறுக்கே வில் மாதிரி வளைந்த இரும்புக் கம்பிகள். வடம் அவற்றின் மேல் வழுக்கிப் போகும், கீழே நிற்பவன் தலையில் சிக்காது. மாலுமி அறை ஒடுங்கி உள்வாங்கி இருப்பது, மேலே விரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய கப்பலின் வயிற்றுக்குக் கீழே போய் நிற்கும்போது இடிக்கக் கூடாது என்பதற்காக. அணியத்தில் பழைய வடங்களையே முடைந்து தொங்கவிட்டிருப்பார்கள், தாத்தாவின் தாடி மாதிரி. அதை வைத்துத்தான் கப்பலைத் தள்ளுவார்கள்.

அந்த நடுக் கொக்கியில் ஆபத்தும் உண்டு. இழுக்கப்படும் கப்பல் திடீரென்று வேகம் எடுத்து, வடம் டக்கின் பக்கவாட்டில் வந்துவிட்டால், டக்கை அப்படியே சாய்த்துக் கவிழ்த்துவிடும். சில நொடிகளில் முடிந்துபோகும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்காகத்தான் கொக்கியை ஒரே தட்டில் விடுவிக்கிற அமைப்பு. இது தெரிந்தபிறகு எனக்கு அந்தக் கொக்கி ஒரு இரும்புத் துண்டாகத் தெரிவதில்லை, எந்த டக்கைப் பார்த்தாலும் முதல் படம் அதுதான். உராய்ந்து உராய்ந்து பெயிண்டே இல்லாமல் வெள்ளி மாதிரி மினுங்கும் உள்வளைவு, அதற்கு இரண்டு விரல் தள்ளி அடுக்கு அடுக்காகப் பூசிய பெயிண்ட், அது உரிந்த இடத்தில் சிவப்பு, அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே துரு. ஒவ்வொரு முதலாளியும் ஒரு நிறம் அடித்திருப்பார்.

படம் எடுக்கும் நண்பர்களோடு எனக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. எல்லாருக்கும் சூரிய அஸ்தமனம் வேண்டும். ஆரஞ்சு வானம், கறுப்பு நிழலாக ஒரு டக். போதும் ஐயா! நிழலாக எடுத்தால் டயரும் தெரியாது, வடமும் தெரியாது, புகைபோக்கியின் பட்டை நிறமும் தெரியாது. அந்த நிறத்தை வைத்துத்தான் எந்த நிறுவனத்தின் டக் என்றே சொல்ல முடியும். என்னைக் கேட்டால் மேகம் மூடிய பகல்தான் டக்குக்கு ஏற்ற வெளிச்சம். துருவின் அத்தனை சாயலும் அப்போதுதான் வெளியே வரும். வெயில் என்றால் கறுப்பு உடலுக்கும் வெள்ளை மேல்கட்டுக்கும் நடுவில் கேமரா குழம்பிப் போகும். வெள்ளைக்கு ஏற்றபடி கேமராவில் வெளிச்ச அளவு வைத்து எடுத்துவிட்டு, அப்புறம் கறுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வது என் வழக்கம்.

அப்புறம், கட்டிப் போட்ட டக்கை எடுப்பதைவிட வேலை செய்கிற டக்கை எடுங்கள். பெரிய கப்பலை இழுக்கத் தொடங்கும்போது ஒரு கணம் வரும்: எஞ்சின் முழு மூச்சில் ஓடுகிறது, அமரத்துக்குப் பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதிக்கிறது, புகைபோக்கியிலிருந்து ஒரு கறுப்புக் குமிழ் எழும்புகிறது, டக் ஒரு அடிகூட நகரவில்லை. வடத்திலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டும். அதுதான் படம். கரையில் நின்று எடுப்பவர்களும் சரி, தளத்தில் ஏற அனுமதி கிடைத்தவர்களும் சரி, விறைத்த வடத்தின் நேர்கோட்டில் மட்டும் நிற்கவே நிற்காதீர்கள். அறுந்தால் திரும்பி வந்து ஆளையே வெட்டிவிடும்.

பெரிய கப்பலுக்கே பேர் போவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1839ல் ஆங்கிலேய ஓவியர் டர்னர் வரைந்த புகழ்பெற்ற படம் உண்டு. டிரஃபால்கர் கடற்போரில் சண்டையிட்ட டெமரேர் என்ற பாய்மரப் போர்க்கப்பலை, உடைப்பதற்காக இழுத்துப் போகும் காட்சி. வெளிறிப்போன பெரிய கப்பல் பின்னால், புகை கக்கும் கறுப்பு நீராவி டக் முன்னால். முந்தைய ஆண்டு உண்மையில் அதை இழுத்துப் போனவை சாம்சன், லண்டன் என்று இரண்டு டக்குகள். டர்னர் ஒன்றை விட்டுவிட்டார். (ஓரத்தை வெட்டுவதில் உங்களுக்கு முன்னோடி!) தலைப்பிலும் டெமரேரின் பெயர்தான். ஆனால் அந்தக் கறுப்பு டக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், படத்தில் உயிரே இருக்காது.

டைட்டானிக்கைத் தெரியாதவர் கிடையாது. 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்டனை விட்டுக் கிளம்பும்போதே, அது இழுத்த தண்ணீரில் நியூயார்க் என்ற கப்பல் கட்டறுந்து அதன் மேல் மோத வந்தது. சில அடி இடைவெளியில் மோதல் தவறியது. நியூயார்க்கின் மேல் வடம் போட்டுப் பிடித்தது வல்கன் என்ற டக். அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2021 மார்ச்சில் கிடைத்தது. சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீள எவர் கிவன் குறுக்கே மாட்டிக்கொண்டபோது உலகமே ரசித்த படம் எது? மலை மாதிரி நின்ற கப்பலின் அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த அந்தக் குட்டி மஞ்சள் இயந்திரம்தான். சின்னது ஒன்று தன் பாட்டுக்கு வேலை செய்வதைப் பார்க்க ஜனங்களுக்குப் பிடிக்கிறது. தூர்வாரும் கப்பலும் ஒரு கூட்டம் டக்குகளும் சேர்ந்து, ஆறு நாள் கழித்து ஓதம் ஏறி கடல்மட்டம் உயர்ந்த நேரம் பார்த்து அதைப் பெயர்த்தெடுத்தன.

பழைய டக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹெர்குலிஸ். 1907ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கட்டினார்கள். வேலை மேற்குக் கரையில். பனாமா கால்வாய் அப்போது இல்லை, அதனால் தன் ஜோடிக் கப்பலான கோலியாவை இழுத்துக்கொண்டு, தென் அமெரிக்காவின் அடிமுனையில் மெகல்லன் நீரிணை வழியாக சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தது. கோலியாவைச் சும்மா இழுக்கவில்லை. ஹெர்குலிஸுக்கு வேண்டிய எண்ணெய், தண்ணீர், சாமான் எல்லாம் அதில்தான் இருந்தன. இன்று அதே ஊரில் அருங்காட்சியகக் கப்பலாக நிற்கிறது. இங்கிலாந்தில் 1903ல் கட்டிய டேனியல் ஆடம்சன் உடைக்கப் போகும் நிலையில் ஒரு பவுண்டுக்குக் கைமாறி, தன்னார்வலர்கள் உழைப்பில் மறுபடி நீராவியில் ஓடுகிறது. இப்படித் தப்பித்தவை கொஞ்சம்தான். இரண்டாம் உலகப் போரில் எட்டு எட்டுத் துண்டுகளாகச் செய்து ஒட்டவைத்த டிட் ரக டக்குகள் 182. இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவை இரும்பு விலைக்குப் போய்விட்டன.

புது டக்குகளை நான் மட்டம் தட்டவில்லை. எந்தத் திசையிலும் திரும்பும் உந்திகள் (புரொப்பெல்லர்), 60, 70 டன் இழுவிசை, பழையதெல்லாம் கிட்டவே வர முடியாது. பாதுகாப்பும் அதிகம். ஆனால் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிற முகம். பழைய டக்கில் அந்தச் சந்தேகமே வராது.

எங்களைப் போன்றவர்கள் இப்போது துறைமுகத்துக்குள் நினைத்தபோது போக முடிவதில்லை. 2004 ஜூலையில் சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபிறகு வேலி, அனுமதிச் சீட்டு, சோதனை எல்லாம் கூடிவிட்டது. தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் புகைப்படக்காரர் கேட்டால் அனுமதி கிடைக்கும், நாங்கள் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். அடுத்தமுறை உள்ளே போகும்போது டக்கின் பக்கமும் கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள், பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி ஒன்று, தளத்தில் வடம் பிடிப்பவர் தெரிகிற மாதிரி ஒன்று. படத்தின் கீழே கப்பலின் பெயரோடு டக்கின் பெயரையும் போடுங்கள், கட்டிய ஆண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. டக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில் பழைய படங்கள் கட்டாயம் இருக்கும். ஞாயிறு இதழில் ஒரு அறிவிப்பு போட்டால் வந்து குவியும். வருபவற்றை ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். டக்கின் பெயர், வருடம், கூட நிற்பவர் யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்