மாட்டுத் தீவனத்துல புழு பாக்கறத பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

மக்காச்சோளக் குருத்தத் திங்கற படைப்புழு பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன், எந்த மருந்து, டேங்குக்கு எத்தன மில்லின்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா அது பூராம் கதிர் எடுக்கறவங்களுக்குத்தான். மாட்டுக்குன்னே மக்காச்சோளமும் சோளத்தட்டும் விதைக்கிற எங்கள மாதிரி ஆளுங்க என்ன பண்றது? மருந்தடிச்ச தட்ட எத்தன நாள் கழிச்சு அறுத்துப் போடலாம்னு ஒரு வரி இல்ல. விவசாய ஆபீஸ்ல கேட்டா மாட்டு டாக்டர கேளுங்கறாங்க, டாக்டர் மருந்துக்கடைய காட்டறாரு, கடைக்காரரு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அடிங்க"ங்கறாரு. அந்தப் பால நம்ம குழந்தைங்கதான குடிக்குது?

2018ல கர்நாடகாவுல முதல்ல கண்டுபிடிச்சு அதே வருசம் நம்ம பக்கம் எறங்குன புழு இது. பூர்வீகம் அமெரிக்கா, அங்க மாடு மேயற புல்லுக்காட்டையே மொட்டையடிக்குமாம். தீவனக்காட்டுல இஷ்டத்துக்கு மருந்தடிக்க முடியாதுங்கறதால முன்கூட்டியே கண்ணுல பாக்கறதுதான் முதல் வழி.

வரப்புல நின்னா பச்சையாத்தான் தெரியும். வெயில் ஏறறதுக்குள்ள உள்ள எறங்கி, அஞ்சாறு எடத்துல எடத்துக்கு 20 செடி குருத்த விரிச்சுப் பாக்கோணும். இலைய சுரண்டி வெள்ளை வெள்ளையா இருந்தா குஞ்சுப்புழு. வரிசையா ஓட்டை விழுந்து குருத்துக்குள்ள ஈர மரத்தூளாட்டம் எச்சம் கெடந்தா பெருசாயிருச்சுன்னு அர்த்தம். தலைல இங்கிலீஷ் 'ஒய்'ய தலைகீழா போட்டாப்ல வெள்ளைக்கோடு, வால் பக்கம் சதுரமா 4 கரும்புள்ளி, ரெண்டும் இருந்தா படைப்புழுவேதான். இலைல பஞ்சு ஒட்டுனாப்ல முட்டை இருந்தா அங்கயே கையில நசுக்கிருங்க, ஒரு குவியல்ல 100, 200 இருக்கும், 2, 3 நாள்ல பொரிச்சுரும். புழு ரெண்டு மூணு வாரம் இருந்தாலும் திங்கறதுல பெரும்பங்கு கடைசி சில நாள்லதான், அதனாலதான் "ஒரே ராத்திரில தின்னுபோட்டுது"ன்னு பொலம்பறோம், அது அங்கயே இருந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

லேட்டா பாத்தா மக்காச்சோளத்த சீக்கிரம் அறுத்து மாட்டுக்குப் போட்டறலாம், மருந்துச் செலவு மிச்சம். சோளத்துல அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க. பூக்காத இளஞ்சோளத்துல, அதும் தண்ணியில்லாம வாடுன பயிர்ல, சயனைடு விஷம் இருக்கும், தின்ன மாடு கொஞ்ச நேரத்துல சாஞ்சுரும். புழு பயத்துல அறுத்து மாட்ட இழந்தா அதவிட நஷ்டம் என்ன இருக்கு.

அதனால விவசாயத் துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து, தீவனப் பயிருக்கு எந்த மருந்து அடிக்கலாம், எத்தன நாள் கழிச்சு அறுக்கலாம்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு பால் சொசைட்டில ஒட்டணும். காலைல பால் ஊத்த எல்லாரும் அங்கதான் வர்றோம். நீங்களும் விதைப்பு சீசன்ல வாரம் ஒருக்கா இதுக்கு ஒரு மூலை ஒதுக்குனா நல்லாருக்குமுங்க.

இப்படிக்கு,
மாடு வளக்கற வாசகர்,
தாராபுரம் வட்டம்