றியால் அசையவில்லை: கல்முனைக் கரையோர வங்கிக் கிளைகளின் முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களே,

நிந்தவூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு அலுமாரியில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று இருக்கிறது. 1994இல் வாப்பா ஜித்தாவுக்குப் போன மாதத்திலிருந்து உம்மா எழுதியது. திகதி, றியால், றேட், ரூபாய் என்று நான்கு நிரல். முதல் வரியில் ஒரு றியாலுக்கு 13 ரூபாய் சொச்சம். வாப்பா திரும்பி வந்தார், மௌத்தானார். 2012இல் தம்பி ரியாத்துக்குப் போனான். கொப்பி மாறவில்லை, கையெழுத்து மட்டும் உம்மாவுடையதிலிருந்து என்னுடையதாகிவிட்டது.

உங்கள் மேசைகளில் இதைவிட நல்ல பதிவுகள் இருக்கும். ஆனால் அவை டொலரில் இருக்கின்றன. எங்கள் ஊர் டொலரில் கணக்குப் பார்ப்பதில்லை. வானொலியில் டொலர் விலை சொன்னால், அதை 3.75ஆல் பிரித்துத்தான் எங்களுக்கு விளங்குகிறது. சவூதி தன் றியாலை 1986இல் டொலருக்கு 3.75 என்று கட்டிவைத்தது. அன்றிலிருந்து அந்த முடிச்சு அவிழவில்லை. அப்படியென்றால், உம்மாவின் கொப்பியில் முப்பது வருடமாக ஏறி இறங்கியது றியால் அல்ல, நம் ரூபாய்தான். இதை நான் விளங்கிக்கொண்டதே நாற்பது வயதுக்குப் பிறகு. குவைத்துக்குப் போன பெண்களின் வீட்டுக் கணக்கு வேறு. தினார் 2007இலிருந்து பல நாணயங்கள் சேர்ந்த கூடையோடு கட்டப்பட்டிருக்கிறது. அதையும் எந்தக் கவுண்டரிலும் யாரும் சொன்னதில்லை.

கொப்பியில் 2001 ஜனவரிப் பக்கத்தை உம்மா சிவப்புப் பேனையால் கோடிட்டிருக்கிறார். அம்மாதம் 23ஆம் திகதி ரூபாயை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையிடமே விட்டுவிட்டார்கள். உம்மாவுக்கு அந்தச் சொல் தெரியாது. போன மாதத்தைவிட அதிகம் வந்தது என்று மட்டும் தெரியும். 2005இன் தொடக்கத்தில் இன்னொரு கோடு. சுனாமியில் கடல் வந்து போன பிறகு வெளிநாட்டு உதவி வந்து குவிந்ததில் ரூபாய் கொஞ்சம் பலம் பெற்றது. றியால் 28லிருந்து 27க்கும் கீழே இறங்கியது. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே என்பதால் கொப்பி தப்பியது. வீதிக்குக் கிழக்கே சுவர் எழுப்ப வேண்டியிருந்தவர்களுக்கு, அவசரமாகக் காசு தேவைப்பட்ட மாதங்களில்தான் அந்த இறக்கம்.

இனி, நான் இந்த மடலை எழுதக் காரணமான பக்கம்.

2021 செப்டெம்பரிலிருந்து டொலர் 203இல் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். வங்கியில் ஒரு றியால் 54. வெளியே, வங்கியில்லாமல் காசு கைமாற்றும் உண்டியல்காரர் கொடுத்தது 60க்கும் மேலே. ஊரில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிசெம்பரில் மத்திய வங்கி, வங்கி வழியாக அனுப்பும் டொலருக்குக் கொடுத்த 2 ரூபாய் ஊக்கத்தொகையை 10 ஆக்கியது. றியாலுக்கு வகுத்தால் அது மூன்று ரூபாய்கூட இல்லை. 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022இல் 3.8 பில்லியனாகச் சுருங்கியது. அத்தனைக்கும் நடுவில் தம்பி வங்கியை விடவில்லை. “ராத்தா, நேர் வழியில் வரட்டும்” என்றான்.

2022 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, 1,500 றியால் அனுப்பினான். மறுநாள் கட்டுப்பாடு தளர்ந்தது. பணம் கணக்கில் விழுந்தது 11ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அன்று வங்கிகளில் டொலரின் விற்பனை விலை 250ஐத் தாண்டியிருந்தது. எங்களுக்கு வந்தது 81,000 ரூபாய். அதாவது 54. கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியைக் கழித்தாலும், றியாலுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் போயிருக்கிறது; மொத்தம் 15,000. எந்த நாள் றேட் போட்டீர்கள் என்று கேட்டேன். கவுண்டரிலிருந்த பிள்ளை கணினித் திரையைப் பார்த்துவிட்டு, “சிஸ்டத்தில் உள்ளதுதான்” என்றது. பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரூபாய்த் தொகை இருந்தது, றேட் இல்லை, றேட்டின் திகதியும் இல்லை. அது உங்களில் யாருடைய கிளை என்று சொல்லப்போவதில்லை. மற்றக் கிளைகளின் சீட்டுகளையும் அக்கம்பக்கத்தில் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வருடம் தலைகீழ். 95 சொச்சம் வந்த றியால் 2023 ஜூனில் 80க்குக் கீழே வந்தது. 95ஐ நம்பி நகையை அடகு வைத்து மேல்மாடி தொடங்கிய மச்சான் ஒருவர் இன்றும் கம்பிகள் வானத்தைப் பார்த்திருக்கும் வீட்டில் குடியிருக்கிறார். றியால் ஏறத்தான் செய்யும் என்பது அவருடைய நம்பிக்கை. 2005ஐ யாராவது காட்டியிருந்தால் கொத்தனாரிடம் முற்பணம் கொடுக்கும் முன் ஒரு கணம் யோசித்திருப்பார்.

ஆகவே கேட்கிறேன். பற்றுச்சீட்டில் றேட்டையும் அது எந்த நாளின் றேட் என்பதையும் அச்சிடுங்கள். அதே நாளில் மத்திய வங்கி அறிவித்த விலையையும் பக்கத்தில் போடுங்கள். கவுண்டருக்கு அருகே, தங்கக் கடன் விளம்பரம் தொங்கும் இடத்தில், றியால், தினார், திர்ஹம் மூன்றுக்கும் வருடவாரியாக ஒரு பலகை வையுங்கள். மேலிடத்து அனுமதி வேண்டும் என்பீர்கள். சீட்டுக்கு வேண்டியிருக்கலாம், பலகைக்கு ஓர் ஆணியும் சுவரும் போதும்.

பழைய றேட்டுகளைத் தேட ஆளில்லை என்றால் உம்மாவின் கொப்பியை எடுத்து வருகிறேன், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். திருப்பித் தந்துவிட வேண்டும். அடுத்த மாதம் தம்பியின் காசு வரும் நாளில் எனக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
நிந்தவூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி