மேஜை போடும் முன் ஆளை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சேலம் அம்மாப்பேட்டையில் குடியிருக்கிறேன். நான்கு கொலுசுப் பட்டறைகளுக்கும் மூன்று சேலைக் கடைகளுக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கிவிட்டால் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து இரவு பத்துக்குத்தான் எழுந்திருப்பேன். போன ஆனியில் அப்படி ஒரு நாள் எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. இடது கால் பெருவிரல் வரை மரத்துப் போனது.

மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுத்து, அப்புறம் இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் முதலில் கேட்டதே, "அக்கா, உங்க மேஜை எத்தனை இன்ச் உயரம்?" என்றுதான். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டேப் வைத்துப் பார்த்தேன், 30 இன்ச். பிறகு அவர் சொன்னபடி பாதம் தரையில் பதிய நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினேன். தரையிலிருந்து முழங்கை வரை மகள் அளந்தாள். 25 இன்ச். நான் ஐந்தடி உயரம். அந்த 5 இன்ச்சை எட்டிப் பிடிக்கத்தான் இரண்டு வருடமாகத் தோளைத் தூக்கிக்கொண்டு, நாற்காலி நுனிக்கு வந்து, முதுகு சாய்மானத்தில் படாமலே வேலை பார்த்திருக்கிறேன்.

மேஜை வாங்கிய கடையில் எல்லாமே அதே உயரம்தான். ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும். எனக்கும் என் போன்ற பெண்களுக்கும் அது ஆகாது. வாங்கும்போது மரம் என்ன, பாலிஷ் என்ன என்று பார்த்தேனே தவிர, உயரத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நான் குழித்தறி வீட்டில் பிறந்தவள். தறிக்குழி தோண்டும்போது அப்பா விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பாதம் மிதிகட்டையில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மண் எடுத்தாராம். அம்மா அப்பாவைவிடக் குள்ளம். அம்மா தறியில் உட்காரும் நாளில் மிதிகட்டைக் கயிற்றை நான்கு விரற்கடை சுருக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா வெளியே போவார். அப்பாவுக்கு முதுகு வலித்ததே இல்லை என்று சொல்லவில்லை. வலித்தது. ஆனாலும் ஆளுக்குத் தக்கபடிதான் தறி அமைய வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தறி போய் மேஜை வந்ததும் அதை எப்படி மறந்தோம்?

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எங்கள் தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு மேஜையின் நான்கு காலிலும் 4 இன்ச் அறுக்கச் சொன்னேன். அறுத்ததும் தொடை மேலே இடித்தது. நடுவில் இருந்த இழுப்பறையைக் கழற்றியதும் இடம் கிடைத்தது. மீதி ஒரு இன்ச்சுக்கு நாற்காலியில் பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டுக்கொண்டேன். கால் தொங்காமல் இருக்கக் கீழே ஒரு கட்டை. இடுப்புப் பள்ளத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துச் சாய்ந்துகொள்கிறேன்.

அடுத்தது லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் அதில் தொல்லை. கைக்கு வாகாக வைத்தால் தலை கவிழ்கிறது. தலை மட்டும் நாலரை, ஐந்து கிலோ கனம். நாள் முழுக்கக் கவிழ்ந்தால் கழுத்து என்ன ஆகும்? கண்ணுக்கு நேராக உயர்த்தினாலோ கை மேலே போய்விடுகிறது. அதனால் ஆயிரம் ரூபாய்க்குள் தனியாக ஒரு கீபோர்டும் மவுசும் வாங்கினேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு செங்கல் அடுக்கி, மேலே அப்பா உட்கார்ந்து நெய்த தறிப்பலகையை வைத்திருக்கிறேன். காலுக்கு அடியில் போட்டுக்கொள் என்றுதான் அம்மா முதலில் அதை எடுத்துக் கொடுத்தார். அதில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் வழவழவென்று தேய்ந்து பள்ளமாக இருக்கும் பலகை அது.

இவ்வளவு செய்தாலும் ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருந்தால் பயனில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டுகளில், வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ரத்தக்குழாயே கிடையாதாம். நாம் அசையும்போது அழுந்தி விரிந்துதான் அவை சத்தை இழுத்துக்கொள்கின்றன என்று சிகிச்சை கொடுத்த பெண் விளக்கினார். அப்பா இழை அறுந்தால் எழுந்து போய் முடிந்துவிட்டு வருவார், தறிக்கான நீள இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போடும் நாளில் தெருவில் மேலும் கீழும் நடப்பார். எனக்கு அப்படி எழுப்பிவிட ஒன்றும் இல்லை. அதனால் தண்ணீர்ப் பானையை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் குடிக்க எழுந்து போகிறேன்.

வலி முழுதும் போகவில்லை, பயிற்சியும் விடவில்லை. ஆனால் இப்போது குனிந்து செருப்பு மாட்டுகிறேன். கால் மரத்துப்போனவர்கள் மேஜையைச் சரிசெய்து பார்க்கலாம் என்று காத்திருக்காமல் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரத் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. நாள் முழுக்க நின்றவர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்த இருக்கையில் உட்காருபவரின் கால் தரையில் படுகிறதா என்பதையும் முதலாளிகள் பார்க்க வேண்டும். எங்கள் தெருவிலேயே மூன்று பிள்ளைகள் பெங்களூர் கம்பெனி வேலையைக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். லேப்டாப் கொடுக்கும் கம்பெனி கூடவே ஒரு கீபோர்டையும் கொடுக்கக் கூடாதா? மேஜைக் கடைக்காரர்களும் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டட்டும், 26 இன்ச்சில் நாலு மேஜையாவது செய்து வைக்கட்டும்.

நான் கணக்கு எழுதும் பட்டறைக்காரர்களில் ஒருவர், பில் போடும் பெண்ணை உட்காரவைத்து அளந்து, அவள் மேஜைக் காலை அதே ஆசாரி அண்ணனிடம் கொடுத்து அறுத்துவிட்டார். மற்ற ஆறு பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.