நாயின் கட்டைவிரலை வெட்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கேள்விப் பகுதியில் ஒருவர், வீட்டு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும்போது முன்காலில் மேலே தனியாக இருக்கும் நகத்தையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். 'அது உபயோகமில்லாத நகம், எடுத்துவிடுவது நல்லது' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இதே கேள்வி மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் வந்தது, ஒரு வாரம் அதைப் பற்றியேதான் பேச்சு, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது சிப்பிப்பாறை, பெண், பெயர் செவலை. எட்டு மாதத்தில் கருத்தடைக்குக் கொண்டுபோனோம். பரிசோதித்தவர் முன்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையும் சேர்த்து எடுத்துடலாம்மா, மயக்க மருந்து ஒரே தடவையோட போயிடும், பின்னாடி எங்கேயாவது மாட்டிக் கிழிஞ்சா தொந்தரவு" என்றார். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். இப்போது அதில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் ரெண்டு நாள் யோசித்துச் சொல்கிறோம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ரெண்டு நாளில் நல்ல மழை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடு, மழை விட்டதும் செவலை ஒரு அணிலைத் துரத்திக்கொண்டு ஓடியது. போய்த் தடத்தைப் பார்த்தேன். சும்மா நடந்த இடத்தில் எல்லாம் நாலு விரல்தான் பதிந்திருந்தது. ஓடிய வேகத்தில் சடக்கென்று வேலிப் பக்கம் திரும்பியிருக்கிறது பாருங்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் முன்கால் தடத்துக்குப் பின்னால், உள்பக்கமாக, ஆணியால் கீறினது மாதிரி ஐந்தாவதாக ஒரு கோடு ஆழமாக விழுந்திருந்தது. நிற்கும்போது தரையில் படவே படாத நகம், கால் மடங்கித் தாழும்போது மண்ணைப் பிடித்திருக்கிறது. அன்று சாயங்காலம் நல்லி எலும்பு போட்டபோது அதையும் கவனித்தேன். ரெண்டு முன்காலுக்கும் நடுவில் எலும்பை நிறுத்தி, அந்தக் கட்டைவிரலால் உருளாமல் அணைத்துக்கொண்டுதான் கடிக்கிறது. எட்டு மாதமாகத் தினமும் என் கண் முன்னால் நடந்த விஷயம்தான், அதுவரைக்கும் நான் பார்க்கவில்லை.

டாக்டர்கள் இதை ட்யூ கிளா என்கிறார்கள். நாம் நகம், நகம் என்று சொல்வதால்தான் ஏதோ முடி வெட்டுவது மாதிரித் தோன்றிவிடுகிறது. முன்காலில் இருப்பது ஒரு விரல், நம் கட்டைவிரலுக்குச் சமமானது. உள்ளே சின்ன எலும்புகள் இருக்கின்றன, மூட்டு இருக்கிறது, மேலே தசையோடு இணைக்கும் நாண்கள் இருக்கின்றன. எடுப்பது என்றால் அந்த விரலை மூட்டோடு கழற்றித் தையல் போடுவது. அப்புறம் பத்துப் பதினைந்து நாள் கட்டு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு, அது இது என்று இருக்கும். வேகமாக ஓடித் திரும்புவதற்கென்றே வளர்த்த இனத்தில், எந்தக் கோளாறும் இல்லாத ஒரு விரலை, என்றைக்கோ கிழியலாம் என்பதற்காக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் கருத்தடை மட்டும் செய்துகொண்டு வந்தோம்.

பின்கால் விஷயம் வேறு, அந்தப் பதிலில் இதைப் பிரித்துச் சொல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. பெரும்பாலான நாய்களுக்குப் பின்காலில் இது இருப்பதே இல்லை. இருக்கிற நாய்களில் பலதுக்கு எலும்புப் பிடிப்பு கிடையாது, வெறும் தோலில் தொங்கும், தொட்டால் அப்படியும் இப்படியும் ஆடும். என் தம்பி வீட்டு நாய்க்கு அப்படித்தான். சீமைக் கருவேலம் புதருக்குள் புகுந்து வெளியே வரும்போது பாதி பிய்ந்து தொங்கியது, ராத்திரி முழுக்க ரத்தம், கத்தல். அந்த மாதிரி ஆடுகிற நகத்தைக் கருத்தடையின்போதே சேர்த்து எடுத்துவிடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தாலே எலும்போடு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகத்தை எண்ணிப் பார்த்து நாய் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணமாக 18, பின்காலிலும் இருந்தால் 20. இருபது நகம் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர் சொல்வார், அதுதான் ராசி என்று அடுத்த தெருவில் இன்னொருவர் சொல்வார். பிரான்சின் போசெரோன் நாய்க்கும், பிரான்ஸ் ஸ்பெயின் எல்லை மலையின் கிரேட் பைரனீஸ் நாய்க்கும் பின்காலில் இரட்டை நகம் இருந்தே ஆக வேண்டும் என்று இன லட்சணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையை வைத்துக் குட்டியின் விரலை நறுக்குவது வேண்டவே வேண்டாம். பிறந்து மூணு நாலு நாளில் பண்ணினால் வலிக்காது என்று குட்டி விற்கிறவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கண் திறக்காத குட்டிக்கும் வலிக்கும். அது வலியைக் காட்டுகிற விதம் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 2017 நாய் வளர்ப்பு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, அதனால் முறையாக வாங்கின யாருக்கும் அந்த மூணு நாள் கணக்கு கையில் வராது. நம்மிடம் குட்டி வந்த பிறகு எடுப்பதென்றால் முழு மயக்கத்தில் செய்யும் ஆபரேஷன்தான்.

எடுக்காமல் விட்டால் வேலை நமக்கு இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மற்ற நகமெல்லாம் தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் தேயும், இது தேயாது. வளைந்து வளர்ந்து வட்டமடித்து விரலின் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். பக்கத்து வீட்டு லேப்ரடார் ஒரு மாதம் நொண்டியது, முள் குத்தியிருக்கும் என்று உள்ளங்காலையே தேடிக்கொண்டிருந்தார்கள். முடியை விலக்கிப் பார்த்தால் நகம் மோதிரம் மாதிரி சுற்றிச் சதைக்குள் போய் சீழ் பிடித்திருந்தது. தவறு அந்த நகத்தினுடையது இல்லை, யாரும் அதை வெட்டவே இல்லை.

நான் மூணு வாரத்துக்கு ஒரு தடவை வெட்டுகிறேன். குளிப்பாட்டின பிறகு, திண்ணையில் வெயிலில் உட்கார்ந்து, நாய்க்கென்று விற்கும் நகவெட்டியால் நுனியை மட்டும். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிற இடம் ரோஸ் நிறத்தில் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடலாம். செவலைக்குக் கறுப்பு நகம், ஒன்றும் தெரியாது. அதனால் சீவுவது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டின முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நடுவில் சின்னதாக ஒரு கரும்புள்ளி ஈரமாகத் தெரிந்தால் அதோடு சரி. ஒரு தடவை தாண்டிவிட்டேன், ரத்தம் வந்தது, கான்ஃப்ளவர் மாவை வைத்து அழுத்திப் பிடித்ததில் நின்றுவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ரெண்டு மாதம் நகவெட்டியைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவித்த முட்டையைக் காட்டிக் காட்டித்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

முன்கால் விரலையும் எடுத்தே ஆக வேண்டிய நிலைமை வரும். விரலில் கட்டி வந்தால், நகத்தின் வேர் வரை கிழிந்து ஆறாமல் இருந்தால், எலும்புக்குள் சீழ் போனால், அடிக்கடி அதே இடத்தில் அடிபட்டால் டாக்டர் சொல்வதைக் கேட்டு எடுத்துவிடுங்கள், ஒற்றை விரல் போனதற்காக நாய் முடங்கிவிடாது. கேள்வி கேட்ட அந்த வாசகரின் நாய்க்கு அப்படி ஏதாவது இருக்கிறதா, அது முன்காலா பின்காலா, ஆடுகிறதா பிடிப்பாக இருக்கிறதா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

அதனால் ரெண்டு வேண்டுகோள். அந்தப் பதிலைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டி விரிவாகத் திரும்ப வெளியிடுங்கள், கூடவே நகம் வெட்டுவது எப்படி என்று ஒரு படமும் போட்டால் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வோம். அப்புறம், செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தையொட்டி ஊருக்கு ஊர் தடுப்பூசி முகாம் நடக்கிறதே, அங்கே வரிசையில் நிற்கிற நாய்களுக்கு இந்த நகத்தையும் ஒரு தடவை பார்த்து வெட்டிக் காட்டும்படி கால்நடைத் துறையைக் கேட்டு நீங்கள் ஒரு செய்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி